நிழலுக்கு ஐம்பது

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில், அருவிக்குப் பிரியும் மண்பாதையின் முகப்பில் ஒரு பெரிய பலா நிற்கிறது. அதில் கட்டிய பலகையில், 'கார் நிறுத்த: வெயிலில் 20, நிழலில் 50' என்று சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது. மரத்துக்குச் சொந்தக்காரம்மா விசிலோடு எழுந்து வருகிறார்.

"ஏனுங்க அக்கா, நிழலுக்குமா காசு?" என்கிறேன்.

"இருபது எடத்துக்குங்க. மிச்சம் மரத்துக்குங்க."

துறையூர் மர வியாபாரி ஒருவர் இந்தப் பலாவை இரண்டு முறை விலைக்குக் கேட்டாராம்.

"வெட்டுனா ஒரு தடவதானுங்க காசு. நின்னுச்சுன்னா ஞாயித்துக்கெழம தவறாம வருதுங்க. பழம் வேற. இன்னும் நாலு கன்னு நட்டுட்டேனுங்க."

காட்டைக் காப்பது பற்றி நான் மேடையில் மணிக்கணக்காகப் பேசுவதை இந்த அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மனதாரப் பாராட்டுகிறேன். பாராட்டிவிட்டு, முப்பது ரூபாயை மிச்சம் பிடிக்கக் காரை வெயிலில் விடுகிறேன்.

அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினால் ஸ்டியரிங் தோசைக்கல்லாகச் சுடுகிறது. ஈரத்துண்டைச் சுற்றிப் பிடிக்கிறேன். பலா நிழலில் ஒரு ஜீப் நிற்கிறது. உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறார்.

"யாருங்க அது?"

"அந்த மர வியாபாரிதானுங்க. மூணாந்தடவ கேக்க வந்தாரு. முடியாதுன்னுட்டேன். வெயிலு தாங்காம அம்பது குடுத்துட்டுத் தூங்குறாருங்க."

சொல்லிக்கொண்டே என் காரின் பின்கண்ணாடியில் இருக்கும் 'மரங்களைக் காப்போம்' ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

"வெயில்ல உரிஞ்சு போச்சுங்களே, சாமி."