பேர் எழுதாத இரண்டு குழாய்கள்

நல்ல ரத்தத்துக்கு எங்கள் லேபில் எப்போதும் பஞ்சம். கெட்ட ரத்தம் தானாக வந்துகொண்டிருந்தது. கடப்பாவிலிருந்து, நெல்லூரிலிருந்து, இந்தப் பக்கம் குடிபாலா வரைக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ் ஏறித் திருப்பதிக்கு வருவார்கள். ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சந்தேகப்பட்டால் ஒரு குழாய் ரத்தம் எங்கள் மேசைக்கு வரும். அதில் குரோமோசோம் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆனால் கெட்டதைக் கெட்டது என்று சொல்லப் பக்கத்தில் ஒரு நல்லது வேண்டுமே. அதற்கு யார் வருவார்கள்? லேபில் இருப்பவர்களே மாறி மாறிக் கையை நீட்டுவோம். காபி குடிக்க வந்தவர்களையும் விட மாட்டோம்.

அப்படி எடுக்கிற குழாயில் பேர் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. லேபில் டெக்னீஷியனாக இருந்த தெலுங்குக்கார அம்மா நான் சேர்ந்த புதிதில் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, "பேரு ராயொத்தம்மா" என்றார். எழுதாதே என்று. அந்த ரேக்கில் நிற்பதெல்லாம் நோயாளிகளின் குழாய்கள். அதற்கு நடுவே நம் பேரை நாமே எழுதி வைப்பதா? எமனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி அல்லவா. அதனால் நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு, அவ்வளவுதான். படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் ஒரு நாளும் என் பேரை எழுதவில்லை. எங்கள் புரொபசரும் எழுதியதில்லை, அவர் வெளிநாட்டில் படித்தவர்.

எங்கள் ஊர் விஜயபுரம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையில். தாத்தா காலம் வரைக்கும் சொந்த நிலம் கிடையாது. அப்பாதான், நாங்கள் நைனா என்போம், கொஞ்சம் நிலம் வாங்கி வேர்க்கடலை போட்டார். என்னோடு படித்த பையன்கள் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு பெங்களூருக்கு ஓடிய காலம் அது. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டக் குவைத் போயிருந்தார். நான் மட்டும் திருப்பதியில் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால், "அவ ரத்தத்துல பூச்சி பாக்கறா" என்பார்கள். பூச்சி இல்லை என்று விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் தங்கைக்கு மாமா மகனோடு கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெங்களூரில் சாப்ட்வேர். அமெரிக்கா விசாவும் கைக்கு வந்துவிட்டது. கல்யாணம் நாராயணவனம் கோயிலில். முதல் பத்திரிகையை மலைமேல் பெருமாளுக்கு வைத்துவிட்டு நைனாவும் அவளும் என்னைப் பார்க்க லேபுக்கு வந்தார்கள். இறங்கி வந்த களைப்பில் நைனா வெளியே பெஞ்சில் படுத்துவிட்டார். அவளைக் கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். ஒரு இட்லி முழுசாகச் சாப்பிடவில்லை, தட்டைத் தள்ளினாள்.

"இன்னாடி, பாதியில வெக்கற?"

"கொஞ்சம் துன்னாலே வயிறு ரொம்பிப் போவுதுக்கா."

"புடவை கட்டினா ஒல்லியாத் தெரியணும்னு பட்டினி கெடக்குற. அமெரிக்காவுல போய் ரொட்டி துன்னப் போறவளுக்கு இட்லி எங்க எறங்கும்" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

அன்றைக்கு எங்களுக்கு இரண்டு நல்ல ரத்தம் தேவைப்பட்டது. வந்த இடத்தில் அவளையும் பிடித்துப் போட்டேன். அவள் கையில் நான் குத்தினேன். என் கையில் டெக்னீஷியன் அம்மா குத்தினார். இரண்டு குழாயையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்று எழுதினேன். எது யாருடையது என்று அப்போது எனக்குக் கவலை இல்லை. இரண்டும் நல்லதுதானே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் செல்கள் தாமாகப் பிரிவதில்லை. பிரியத் தூண்டும் மருந்து போட்டால்தான் பிரியும். நாங்கள் அந்த மருந்தைப் போடாமல்தான் வளர்த்தோம். நோயாளியின் ரத்தம் மருந்தில்லாமலே பிரியும், நல்ல ரத்தம் சும்மா கிடக்கும் என்று காட்டுவதற்காக. பிரிகிற செல்லில்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். அதனால் நார்மல் என்று எழுதிய கண்ணாடித் தகட்டில் ஒரு குரோமோசோம்கூடத் தெரியக் கூடாது. வெறுமையாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பது எனக்கு அலுப்பான வேலை. கல்யாணத்துக்கு லீவு போட்டுக் கிளம்புவதற்கு முன்னால், முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றாம் தகடு வெறுமை. இரண்டாவதில் குரோமோசோம்கள் கொத்துக் கொத்தாக விரிந்து கிடந்தன.

எண்ணிப் பார்க்கவே தேவையில்லை, இருந்தாலும் பார்த்தேன். ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டாவது, கடித்து வைத்த முறுக்குத் துண்டு மாதிரி குட்டையாக நின்றது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயின் அடையாளம் அது. என் ஆராய்ச்சியே அந்தக் குட்டைதான். ஆயிரம் தடவை பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது என்று. அன்றைக்கு மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தேன்.

நோயாளியின் குழாய் மாறிவிட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, கெஞ்சினேன். ஆனால் அந்த வாரம் வந்த நோயாளிகள் எல்லாரும் ஆண்கள். இந்தச் செல்லிலோ இரண்டு எக்ஸ், பெண்ணுடையது. அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நான், இல்லாவிட்டால் அவள். வேறு யாரும் இல்லை.

அப்போது அந்த நோய்க்கு ஒழுங்கான மருந்து கிடையாது. சில வருஷம் தள்ளலாம், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது மட்டும் சுலபம். என் விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிஷம். வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தால் எனக்கு. ஏறாமல் இருந்தால் அவளுக்கு. இதைவிட எளிதான பரிசோதனை என் வேலையில் நான் செய்ததில்லை. விரல் குத்துகிற ஊசியை எடுத்தேன். உறையைப் பிரித்தேன். அப்படியே குப்பையில் போட்டேன்.

சாமியிடம் கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? எனக்கு இருக்கக் கூடாது என்றால் அவளுக்கு இருக்கட்டும் என்று வேண்டுவதாகும். அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு இருக்கட்டும் என்கிற அடுத்த வார்த்தை வரவில்லை. திருப்பதியிலேயே குடியிருந்துகொண்டு, மலையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

புத்தூர் தாண்டும் வரை என் கை இடது விலா எலும்புக்குக் கீழேயே இருந்தது. இந்த நோயில் மண்ணீரல் வீங்கும். அங்கே கல் மாதிரி தட்டுப்படும், வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். ஆமாம், அந்த இட்லி ஞாபகம் வந்தது. உடனே என் களைப்பும் ஞாபகம் வந்தது, நானும்தான் இளைத்திருக்கிறேன் என்று. எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. உட்கார்ந்துகொண்டு பார்த்தால் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், "வயித்து வலியாம்மா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டில் பந்தக்கால் நட்டாயிற்று. வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். அம்மா என் பையை வாங்கி வைத்துவிட்டு, "வா வா, நலங்கு வெக்கணும், நீதான் மூத்தவ" என்று இழுத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் பலகை போட்டுத் தங்கையை உட்கார வைத்திருந்தார்கள். கையில் காப்பு கட்டியாயிற்று. பெண்கள் மஞ்சள் அரைத்த கிண்ணத்தோடு சுற்றி நின்று அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

கன்னத்தில் பூசினேன். கையில் பூசினேன். புடவையை விலக்கி இடுப்பில் பூசும்போது இடது பக்கம் என் விரல் தானாகப் போய் நின்றது.

"மூச்சை இழு" என்றேன்.

இழுத்தாள். விலா எலும்புக்குக் கீழிருந்து கெட்டியான விளிம்பு ஒன்று இறங்கி வந்து என் விரலில் இடித்தது. நல்ல உடம்பில் அது அங்கே இருக்காது.

என் முகம் அப்போது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவள் மட்டும் என்னையே பார்த்தாள். "இன்னாக்கா?" என்றாள் மெதுவாக. கொட்டகைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன், குழாய், தகடு, எல்லாம். மறைக்க முடியாது, எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மஞ்சள் காய்ந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப ஒனக்கு இல்ல?"

"எனக்கு இல்ல."

மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். அவன் நல்லவன்தான், அழுதான், யோசிக்க டைம் கேட்டான். அந்த டைமையும் எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். பந்தலைப் பிரித்தார்கள். "நம்ம வம்சத்துல இப்பிடி இல்லையே" என்று நைனா போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். இது வம்சத்தில் வருவதில்லை, யாருக்கும் எப்போதும் வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அது அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். குட்டைக் குரோமோசோம் செய்கிற வேலையை நிறுத்தும் மாத்திரை வந்தது. வரும்வரை தாக்குப்பிடித்தாள். சித்தூரில் இருக்கிறாள். நான் அதற்குப் பிறகும் அதே குரோமோசோமைப் பார்த்தேன், கட்டுரைகள் எழுதினேன், வெளிநாட்டு மேடைகளில் பேசினேன். வருஷத்துக்குச் சில முறை அவள் ரத்தப் பரிசோதனை முடிவு என் கைக்கு வரும். உறையைப் பிரிக்க இன்றைக்கும் யாரையாவது கூப்பிடுகிறேன்.

ஆனால் என்னோடு இருப்பது அந்தப் பந்தல் பிரித்த மறுநாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நகரி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கி நலங்குல என் வயித்துல ஒன் கை நின்னப்போ, ஒன் மூஞ்சில ஒரு நிம்மதி வந்து போச்சுக்கா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆமாம் என்றேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

"அழாத. இதுல இன்னா தப்பு? ஒனக்குன்னு வந்திருந்தா நானும் அப்பிடித்தான் நிம்மதியா மூச்சு வுட்டிருப்பேன்" என்று சொல்லி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பொய் சொன்னாள். எனக்கு வந்திருந்தால் அவள் அப்படி மூச்சு விட்டிருக்க மாட்டாள்.