நிந்தவூர் என்ற பெயர் வராத நாள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் நான் கொண்டக்டர். சாரதி என் மனைவியின் தம்பி. கொரோனா வந்து, காய்ச்சலும் இருமலும் விட்டு, மீண்டும் வேலைக்குப் போன முதல் வாரம். காரைதீவு தாண்டியதும் அடுத்த ஊரைக் கூவ வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. பாதை தெரிகிறது, வயல் தெரிகிறது, நான் பெண் எடுத்த ஊர் என்பதும் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை.

"என்ன மச்சான், சத்தத்தக் காணல்ல?"

"தொண்டை கட்டிட்டுது."

"நிந்தவூர், நிந்தவூர்!" என்று அவனே கூவினான்.

மறுநாள் பாலமுனையும் அப்படித்தான் நழுவியது. என் வாப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவர். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பயத்தை வெளியே சொல்லவில்லை. சோற்றுக்கு முன்னால் உப்பின் பெயர் தெரியாமல் கையைக் காட்டியபோது மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த நாளே டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

டொக்டர் ஓர் இளம் பெண்பிள்ளை. நிறையக் கேள்வி கேட்டது. ஞாபகத்தைச் சோதிக்க, முள்ளும் எண்ணும் வைத்து மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னது. வாப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

"வாப்பாக்கு வந்த மறதி வருத்தம் மாதிரித் தெரியல்ல காக்கா," என்றது. "வைரஸ் நெஞ்சிலதான் இருந்திரிக்கும். ஆனா அதோட உடம்பு புடிச்ச சண்டை மூளையையும் தொட்டிரிக்கலாம். அங்க துப்புரவு செய்யிற கலங்கள், செல் எண்டு சொல்றது, இரிக்கி. அதுகள் கிளர்ந்து போய் மத்தக் கலங்கள்ற வேலையக் குழப்புது எண்டு சொல்றாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியா. கன பேருக்கு மெல்ல மெல்லச் சரியாகுது. நல்லா நித்திரை கொள்ளுங்க."

வெளியே வந்து மதிலில் சாய்ந்து அழுதேன். மனைவி பயந்துவிட்டாள். சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவளுக்குப் புரிய வைக்க நேரமெடுத்தது.

மச்சானிடமும் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு ஊர்ப்பெயர்களை அவனே கூவினான். சில மாதங்கள் அப்படிப் போயின. ஒரு பகல் ஒலுவிலில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். மீன் கூடையை வழியில் வைத்த ஒருவரோடு வாய்த்தர்க்கம் வேறு. அதற்கு நடுவே, "பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று!" என்று ஒரே மூச்சில் கூவினேன்.

பஸ் மெதுவானது. மச்சான் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களா கூவின?"

"ஓம், நான்தான்."

ஆட்களின் பெயர்கள் இன்றைக்கும் கொஞ்சம் தாமதித்தே வருகின்றன. அன்று அக்கரைப்பற்றில் இறங்கியதும் மனைவிக்குப் போன் எடுத்து, மூன்று ஊரையும் நானே கூவியதைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவள் அதற்குமேல் கதைக்க முடியாமல் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.