இரண்டாவது டிரம்

இரண்டாயிரமாவது ஆண்டு, பிஜியில் அரசு கவிழ்ந்து, ஊரில் பாதிப் பேர் விசாவுக்கு வரிசையில் நின்ற நேரம். நவுசோரிக்கு அருகே ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் தலைமை அதிகாரியாக இருந்தேன். அங்கே ஒரு சாயப்பட்டறையின் கழிவு, ரேவா ஆற்றில் சேரும் ஓடையை ஒரு நாள் நீலமாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஆக்கிக்கொண்டிருந்தது. ஓடையில் சிப்பி எடுக்கக் கூடாது என்று பலகை நட்டேன். அங்கே மூழ்கி நன்னீர்ச் சிப்பி எடுத்துச் சந்தையில் விற்று வந்த ஒரு பிஜியப் பெண்மணிக்கு அன்றோடு பிழைப்பு போயிற்று.

என்னுடன் வேலை பார்த்த இளம்பெண், மட்கிய கட்டையில் வளரும் ஒரு வெள்ளைப் பூஞ்சையைக் குடுவையில் வளர்த்திருந்தாள். அது சுரக்கும் நொதி சாயத்தை உடைக்கும். குடுவையில் நீலம் வெளுத்ததை நானே பார்த்தேன். அவளுக்கு நியூசிலாந்து விசா வந்துவிட்டது. போவதற்குள் வெளியே முயன்று பார்த்துவிட வேண்டும் என்றாள். பூஞ்சை படர்ந்த மரத்தூளை ஒரு டிரம்மில் நிரப்பி, பட்டறைக் கழிவுக் குழாயின் வாயில் வைத்தோம்.

"இன்னொரு டிரம் வேணும் சார். பூஞ்சை இல்லாம வெறும் தூள். ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"ரெண்டாவது டிரம்முக்கு சுவா தலைமை அலுவலகத்துல கையெழுத்து வாங்கணும்மா. போடறவர் போன வாரம் பிரிஸ்பேன் போயிட்டார்."

"அவர் வர்ற வரைக்கும்?"

"அவர் வரமாட்டார்" என்றேன். விதி விதிதானே.

மூன்று வாரம் தண்ணீர் பளிங்குபோல வந்தது. தினமும் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, மூன்று பிரதி எழுதினேன். அவள் விமானம் ஏறினாள். நான் அறிக்கையில் கையெழுத்திட்டு, பலகையைப் பிடுங்கி, அந்தப் பெண்மணியிடம் இனி சிப்பி எடுக்கலாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்மணி கூடை நிறையச் சிப்பியோடு அலுவலக வாசலில் நின்றாள். எனக்கென்று தனியாக ஒரு பை. வாங்கிக்கொண்டு, பூஞ்சையின் மகிமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிஜி இந்தியில் சொன்னாள்:

"அது சரி ஐயா. ஆனா சாயத்தொட்டியே ஓடலையே. கலகத்தால ஆஸ்திரேலியாக்காரன் ஆர்டரை நிறுத்திட்டான். மூணு வாரமா என் தங்கச்சி அங்க வெள்ளைத் துணிதான் அலசுறா."

நீரின் வெப்பம், காரநிலை, குழாயின் விட்டம் எல்லாம் எழுதியிருந்தேன். சாயம் வருகிறதா என்று கேட்க என் படிவத்தில் இடமே இல்லை. அந்த வெறும் தூள் டிரம் இருந்திருந்தால் அதிலும் தெளிந்த நீரே வந்திருக்கும்; முதல் நாளே குட்டு உடைந்திருக்கும்.

"அப்ப சேத்துல கிடக்கிற பழைய சாயம்? அது சிப்பிக்குள்ள இருக்கா, இல்லையா?"

"தெரியலைம்மா. விக்க வேண்டாம்."

"முந்தாநாள் தெரிஞ்சுதே."

அவள் கையை நீட்டினாள். "அந்தப் பையையும் குடுங்க. நீங்க தின்னு செத்துட்டா யாரு பலகை நடுறது?"

சாலையைக் கடந்து போய், எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டினாள்.

பட்டறை பிறகு மூடியே போயிற்று. அந்தப் பூஞ்சை அங்கே ஒரு துளி சாயத்தையாவது உடைத்ததா என்பது ஆக்லாந்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஓய்வூதியம் வாங்கும் எனக்கும் தெரியாது. இரண்டு நாள் ஒருத்தி மூச்சடக்கி எடுத்ததைக் கொட்ட வைத்தது என் கையெழுத்து என்பது மட்டும்தான், அந்த விஷயத்தில் இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.