பெரியம்மா தோற்ற தேர்தல்

எங்கள் குடும்பத்துச் சங்கீதம் முழுவதும் அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கே போய்விட்டது. அம்மாவுக்கும் எனக்கும் அவள் மிச்சம் வைக்கவில்லை. பெரியம்மா பேராசிரியை. பாட்டு வாத்தியார்களுக்கு, பாட்டை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொடுப்பவள். பாட வராத குழந்தை என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது அவள் கட்சி. கல்லூரியில், கூட்டங்களில், கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்வாள். நான் பாடிக் கேட்டவர்கள் மட்டும் அதை நம்பத் தயங்கினார்கள்.

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அவள் இசை ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றாள். ஜெயித்தால் தன் முறையைச் சங்கத்தைச் சேர்ந்த பள்ளிகள் எல்லாவற்றிலும் கொண்டுவந்துவிடலாம் என்று பல வருஷமாகக் காத்திருந்தாள். எதிரே நின்றவர், போட்டிகளில் கோப்பை வாங்கிக் குவிக்கும் ஒரு பாட்டு சார். வோட்டுக்கு முன்னால் இருவரும் குழந்தைகளை வைத்து ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். சார் பொறுக்கி எடுத்த குரல்களோடு வந்தார். பெரியம்மா எங்கள் பில்டிங் குழந்தைகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள். அதில் நானும் இருந்தேன்.

செம்பூரிலிருந்து கிங்ஸ் சர்க்கிளில் இருந்த சங்க ஹாலுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னாள்: "நீ வாயை மட்டும் அசை, போறும். சத்தம் வரப்படாது. பெரியம்மாவுக்கு இன்னிக்கு வோட்டு இருக்கு."

நான் நன்றாகவே அசைத்தேன். ஆனால் பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம். குழந்தைகள் பாடும்போது, வரிசையில் குனிந்து ஒவ்வொரு வாய்க்கும் காதைக் கொடுத்துக்கொண்டே போவாள். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதைப் பெரியம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் முகம் என்னவோ போலாயிற்று.

"எல்லாரும் நிறுத்துங்கோ. இவ ஆரம்பிப்பா," என்றாள்.

ஆரம்பித்தேன். சுருதிப்பெட்டி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். ஹாலில் சிரித்தார்கள். பெரியம்மா என்னைத் திருத்தவில்லை. என் குரல் இருந்த இடத்துக்குச் சுருதியை இறக்கி, மற்றக் குழந்தைகளை அங்கே வரச் சொன்னாள். அவ்வளவு கீழே அவர்களுக்கு எட்டவில்லை. பாட்டு குப்புற விழுந்தது. மத்தியானம் சாரைத் தலைவராக்கி மாலை போட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்மா பெரியம்மாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமா? பேசாம இவளைத் தாண்டிப் போயிருக்கலாமோன்னோ? இத்தனை வருஷம் அலைஞ்சதெல்லாம் வேஸ்ட்!"

பெரியம்மா ஒரு பூக்கடை ஓரமாக நின்றாள்.

"சின்ன வயசுல நாம கொலுவுக்குப் போற ஆத்துலெல்லாம் பாடச் சொல்லுவா. நான் பாடறேன், நீ வாயை மட்டும் அசைன்னு உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அப்புறம் நீ பாடவே இல்லையேடி. இவளையும் தாண்டிப் போகச் சொல்றியா?"

அம்மா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடைபாதையிலேயே அழ ஆரம்பித்தாள். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. ஒரு வோட்டுக்கு இவ்வளவா என்று தோன்றியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் எலெக்ஷன் வரும் என்று சமாதானம் சொன்னேன்.