கிளட்சில் ஊற்றிய மில் எண்ணெய்

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். வாயால் சொல்ல முடியாததால்தான் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலை. நடுவில் அக்கா, பெருந்துறைக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். கடைசி நான், அண்ணன் இருக்கும் கோயம்புத்தூரிலேயே. பல வருஷங்களுக்கு முன்னால், அக்கா இறந்துபோன செய்தி ஒரு நாள் காலையில் மில்லுக்குப் போனில் வந்தது. அண்ணன் அங்கிருந்தே கடைவீதிக்குப் போய் ஒரு சிவப்புச் சேலை எடுத்துக்கொண்டு, வேலைச் சட்டையோடு என் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் பக்கம் கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கம். என் காரிலேயே கிளம்பினோம்.

அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். அதன் கிளட்ச் கம்பியில் வேலை செய்வது அல்ல. பெடலை மிதித்தால், தலையில் சின்ன எண்ணெய் டப்பா வைத்த மேல் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் போய், கீழே கியர் பெட்டி ஓரம் இருக்கும் இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். காலை எடுத்தால் எண்ணெய் மேலே திரும்பிவிடும்.

கருமத்தம்பட்டி தாண்டியதும் இன்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கருகிய வாடை வந்தது.

“என்றா கண்ணு, என்னமோ தீயுது?” என்றார் அண்ணன்.

“கிளட்ச் நழுவுதுங்ணா.”

புளிய மரத்தடியில் ஓரங்கட்டினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் இப்படி நழுவும். ஆனால் பிளேட் மாற்றி அதிக நாள் ஆகவில்லை. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இருக்க வேண்டிய கொஞ்ச ஆட்டமும் இல்லாமல் கல்லாக நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால், காலை எடுத்த பிறகும் கீழ் சிலிண்டரின் தண்டு லிவரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்தச் சிலிண்டரில் காற்றெடுப்பதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தினேன். எண்ணெய் பீறிட்டுக் கன்னத்தில் அடித்தது. தண்டு உடனே பின்னால் போனது.

மிதித்த எண்ணெய் திரும்பிப் போக வழியில்லை என்று புரிந்தது. மேல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வீங்கி, எண்ணெய் திரும்பும் துளையை அடைத்திருக்க வேண்டும். ரப்பர் சும்மா வீங்காது. கன்னத்து எண்ணெயை விரலில் எடுத்து மோந்தேன். பக்கத்தில் குனிந்து நின்ற அண்ணனின் சட்டையிலும் அதே வாடை அடித்தது.

“அண்ணா, இதுல எண்ணெய் ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

“ஆமா. போன வாரம் நீ சவாரி போயிட்டு வந்து படுத்துக் கெடந்தப்ப வண்டியத் தொடச்சு வெச்சனல்ல? அந்தச் சின்ன டப்பா கொறையாக் கெடந்துது. மில்லு எண்ணெய் ஊத்தி வெச்சேன். நூல் சுத்தற கதுரு அத்தன வேகமாச் சுத்துது, அதுக்கே அதான் போடறோம். உன்ற வண்டிக்கு ஆகாதாடா?”

பிரேக் எண்ணெய் அப்போது தேடி அலைந்தாலும் சுலபத்தில் கிடைக்காது. கிளட்சுக்கும் அந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். தம்பி அலைய வேண்டாம் என்று ஊற்றியிருக்கிறார். நல்லவேளை, பிரேக் டப்பா தனி. அதில் கை வைக்கவில்லை.

“ஆகாதாடா?” என்று மறுபடியும் கேட்டார்.

“ரப்பரு ஊதிக்குமுங்ணா.”

அவர் சேலைப் பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அப்போது ஒரு பஸ் வந்தது. கை காட்டினோம். படியில் ஆள் தொங்க, நிற்காமல் போய்விட்டது.

இனி பெடலை மிதிக்காமல் ஓட்டினால்தான் உண்டு. முதல் கியரிலேயே போட்டு செல்ப் அடித்தேன். வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பியது. இன்ஜின் சத்தத்தைக் காதால் பிடித்து மற்ற கியர்களை மாற்றினேன். அவிநாசியில் பருத்தி வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. பழக்கம் விடவில்லை, கால் தானாகப் பெடலை மிதித்துவிட்டது. மறுபடி இறங்கி, அடியில் படுத்து, திருகைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகு செல்ப் முக்கியது, சுற்றவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது.

“ஏனுங்க, ரெண்டு மாட்டப் பூட்டிக்கறீங்களா? காளை வேணுமா, எருமை போதுமா?” என்றார் ஒரு வண்டிக்காரர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் திரும்பினார். பையிலிருந்து சிவப்புச் சேலையின் மடிப்பு வெளியே தெரிந்தது. வண்டிக்காரர் அதைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“யாருங்க?”

“தங்கச்சிங்க.”

“ஏப்பா, வாங்கப்பா. தள்ளுங்க” என்று அவரே முதல் ஆளாக வந்து வண்டியில் கை வைத்தார்.

தள்ளியதில் வண்டி பிடித்துக்கொண்டது. அக்கா இந்தக் காரில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறாள். கதவைச் சாத்தத் தெரியாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ரோட்டோரப் பனைகளின் நிழல் நீண்டுகொண்டே வந்தது. பெருந்துறைக்குள் இன்னும் ஒரு முறை நின்று, தள்ளி, கிளம்பினோம்.

ஊர் எல்லையிலேயே புகை தெரிந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுடுகாட்டுக்கு விட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு எதிரே வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெயில் இருக்கற வரைக்கும் நிறுத்தி வெச்சிருந்தேனுங்க மச்சான். பெரியவங்க இதுக்கு மேல ஆகாதுன்னு சொல்லிப் போட்டாங்க. உங்க பங்காளி ஒருத்தரு பக்கத்து ஊர்ல இருந்து வந்து கோடி போட்டாருங்க.”

“நான்தானுங்க, நான்தான்...” என்று அண்ணன் ஆரம்பித்தார். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது.

“வண்டி மக்கர் பண்ணிப் போடுச்சுங்க மச்சான். பழைய வண்டிங்க” என்றேன். அத்தனை பேர் முன்னால் எனக்கு எப்படிக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

கொண்டுபோன கோடியைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. அண்ணன் சேலையைப் பிரித்து, நெருப்புக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போய் வீசினார். பாதிதான் மேலே விழுந்தது. மீதியை ஒருவர் கம்பால் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை சாம்பலுக்குப் பால் தெளித்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தோம். நான் பஸ்ஸில் ஈரோடு போய், கடை கடையாக ஏறி இறங்கி, ரப்பரும் பிரேக் எண்ணெயும் வாங்கி வந்தேன். குழாயைக் கழுவி, இரண்டு சிலிண்டருக்கும் ரப்பர் மாற்றினேன். காற்றெடுக்கும்போது ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். அண்ணன் மிதித்தார். சாயந்திரம் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம்.