துண்டுக்குள் இருந்த கட்டி

தலைவலி வந்தால் முதலில் எதைக் குறை சொல்வீர்கள்? நான் தலையணையை. மூன்று மாதத்தில் மூன்று தலையணை மாற்றினேன். கழுத்தும் தோளும் இறுகியேதான் கிடந்தன. எல்லாம் வயசு என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்... தலைவலி கேட்கவில்லை.

போன வாரம் சிரம்பான் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. தைராய்டு சரியாகச் சுரக்கவில்லையாம். தசை இறுக்கம், தலைவலி — எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். பாவம், தலையணைகள்!

"குடும்பத்துல யாருக்காச்சும் தைராய்டு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

இருந்தது. என் அப்பாவுக்கு. லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. 'கட்டிக் கழுத்தான்' என்று கேலி செய்வார்களாம். அதை மறைக்க எந்நேரமும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. கல்யாணப் போட்டோவில்கூட மாலைக்கு அடியில் துண்டு இருக்கிறது!

மற்றது அம்மா சொல்லக் கேட்டது. ஜப்பான்காரன் ஆண்ட காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று ஒரு காலையில் ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். அதுவரை போனவர் யாரும் திரும்பவில்லை என்பது தொழிலாளர் லயம் முழுக்கத் தெரியும். சீக்காளிகளை மட்டும் கழித்துவிட்டார்கள். அப்பாவோ துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு நிற்கிறார்!

கல்யாணமாகி எட்டே மாதமான அம்மா நேரே வரிசைக்குள் நுழைந்தாள்.

"துண்ட எடுங்க."

"நீ போ. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! மானம் பாக்குற நேரமாங்க இது?"

உருவிவிட்டாள். ஜப்பான் அதிகாரி இரண்டு எட்டு பின்வாங்கி, "பெர்கி! பெர்கி!" — போ, போ — என்று கையை வீசினான்.

"போய்யா, சீக்காளி வேணாமாம்லா" என்றார் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர்.

அம்மாவுக்கு நன்றி சொன்னாரா அப்பா? பத்து நாள் பேசவே இல்லை. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாளாம்! உடம்புக்கு ஒன்று என்றால் அதை மறைக்கவே நமக்குப் பாதித் தெம்பு போய்விடுகிறது. நான் மட்டும் என்ன... தலையணைக்குப் பின்னால் ஒளிந்தவள்தானே?

ஜப்பான்காரன் தோற்று உலகச் சண்டை முடிந்ததும், அன்று லாரி ஏறிய பதினொரு பேரில் ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாக வந்தார். அவரைப் பார்த்துவிட்டு, அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாராம். அதன்பிறகு அது கழுத்துக்கு ஏறவில்லை. அடுத்த வருஷம் நான் பிறந்தேன்.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"அப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர். அதனாலதான் நான் பொறந்தேன்" என்றேன்.

"பரம்பரை" என்று எழுதிக்கொண்டார்.