வட்டத்தை விட்டு எழாத டீச்சர்

மாரமங்கலம் மலைக்கிராமத்தில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில்தான் அந்த டீச்சரைப் பார்த்தேன். குள்ளமான உருவம், ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கிச் செருகிய முந்தானை. தினமும் பாடத்துக்கு முன் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, தானும் தரையில் உட்காருவார். அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதென்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது.

மகள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க ஒரு காலையில் போயிருந்தேன். அந்த வட்டத்தில் வாயே திறக்காதவள் என்று மகள் சொல்லியிருந்த சிறுமி அப்போதுதான் பேசத் தொடங்கினாள்.

"ராத்திரி ஊட்டுல சண்டைங்க டீச்சர். எனக்கு நொம்ப..."

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி வாசலிலிருந்தே குறுக்கிட்டார். "பரீட்சை வருது, இங்க கதை பேசிட்டிருக்கீங்களா? எந்திரிச்சுப் பாடத்தை நடத்துங்க."

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் எழவில்லை.

"எனக்கு இப்பக் கோவமா இருக்குதுங்க சார்," என்றார், பிள்ளைகள் சொல்வதுபோலவே, குரலை உயர்த்தாமல். "இந்தப் புள்ள பேசி முடிக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டனுங்க."

"மேல எழுதிப் போட்டுருவேன்."

"எழுதுங்க சார். இல்லீன்னா நீங்களும் வந்து உக்காருங்க." சிறுமியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு."

"நொம்பப் பயமா இருந்துச்சுங்க," என்றாள் அவள். பக்கத்திலிருந்த பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அதிகாரி உட்காரவில்லை, ஆனால் அவள் முடிக்கும்வரை வாயும் திறக்கவில்லை. டீச்சரின் வேலைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் கவலை. அவரோ அடுத்த பிள்ளையிடம், "உனக்கு எப்படி இருக்குது சாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.